ஒரு பொதியின் வரலாறு: கறுவாக் கட்டிலிருந்து கம்பியூட்டர் பெட்டி வரை

போன விடுமுறை முடிய, எங்கட குழுவில ஒருத்தி உவர்மலை வீட்டில் இருந்த தன்ர டெஸ்க்டொப்பை யாழ்ப்பாணத்துக்குப் பார்சலில் அனுப்பினாள். பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தின மெஷின். ஒரு மட்டைப்பெட்டி, உள்ளே ஒரு பெட்சீட், சுற்றிவர டேப், நாலு பக்கமும் "உடையக்கூடியது" என்று மார்க்கர் எழுத்து. ஹொரவப்பொத்தானை, வவுனியா என்று ஒரு இரவு ஓடி வந்து சேர்ந்தது. வெளிப்பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே கிராபிக்ஸ் காட் தன் பாரத்திலேயே ஆடி, மதர்போட்டில் செருகியிருந்த இடத்தை உடைத்துக்கொண்டு கழன்று கிடந்தது. ஹாட் டிஸ்க் "டக் டக்" என்று சத்தம் மட்டும் போட்டது.

காட் போனால் வாங்கலாம். அந்த டிஸ்க்கில் இருந்தவை ஒன்பது ஒலிப்பதிவுகள். யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய் வந்தவர்களிடம் ஆய்வுக்காக எடுத்தவை. ஐந்துக்கு வேறு பிரதி இருந்தது. நான்கு போய்விட்டன. அந்த நால்வரில் ஒரு ஐயா இப்போது உயிரோடு இல்லை.

பெட்டி கட்டுறது என்ன பெரிய வேலை என்று இருந்த நாங்கள், அதற்குப் பிறகுதான் பொதி கட்டுவதன் வரலாற்றைத் தேடத் தொடங்கினோம்.

1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே ஒரு கப்பற் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டு, சீனாவில் இருந்து மேற்கு நோக்கிப் போன கப்பல் என்கிறார்கள். அதில் ஏறத்தாழ 60,000 மட்பாண்டங்கள். பெரிய சாடிகளுக்குள் கிண்ணங்களைச் சுருள் சுருளாக, ஒன்றோடொன்று சாய்த்து அடுக்கியிருந்தார்கள். ஒரு சாடிக்குள் நூறுக்கு மேலேயும் இருந்தன. ஆட இடமில்லாததால் ஆயிரத்துச் சொச்சம் வருடம் கடலடியில் கிடந்தும் ஏராளமானவை முழுசாக வந்தன.

எங்கட தீவிலும் அதே அறிவு இருந்தது. காலியில் இருந்தும் கொழும்பில் இருந்தும் கறுவாக் கட்டுகளை ஏற்றும்போது, கட்டுகளுக்கு இடையிலான சந்துகளில் மிளகைக் கொட்டி நிரப்பினார்கள். கட்டு அசையாது, கறுவாவும் பழுதாகாது, மிளகும் போய்ச் சேரும். எல்லாவற்றிலும் விதி ஒன்றுதான்: இடைவெளி விடாதே.

அப்படியென்றால் திருகோணமலை? உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சின்ன வயசில இருந்து கேட்டு வளர்ந்தோம். ஆனால் எங்கட வீட்டுக்கு வந்த எந்தக் கம்பியூட்டர்ப் பெட்டியும் அந்தத் துறைமுகத்தால் வரவில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் எல்லாருக்கும் அது முதலில் கப்பற்படைக்கான இடம். பிரித்தானியக் கடற்படை 1957இல்தான் அதை விட்டுப் போனது. அதற்கு முந்தின வருடம், 1956 ஏப்ரலில், மல்கம் மக்லீன் 58 இரும்புப் பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் ஏற்றி அமெரிக்காவின் நியூவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியிருந்தார். கொள்கலன் யுகம் அப்படித் தொடங்கியது. இலங்கையில் அதற்கான வசதிகள் 1980களில் கொழும்பில்தான் வளர்ந்தன. எங்கட பக்கம் அப்போது யுத்தம். எங்களுக்கு வாய்த்தவை கோதுமை, சீமெந்து மூலப்பொருள் போல மொத்தமாகக் கொட்டி இறக்கும் சரக்குகள். பிறீமா மா ஆலையையும் டோக்கியோ சீமெந்தையும் பார்த்தால் விளங்கும்.

1957இல் அமெரிக்காவில் இரண்டு பேர் சுவரில் ஒட்டும் புதுவிதத் தாள் செய்யப்போய், காற்றுக் குமிழித் தாளைச் செய்தார்கள். சுவருக்கு அது எடுபடவில்லை. பிறகு ஐபிஎம் தன் 1401 கம்பியூட்டர்களை அனுப்பும்போது சுற்றப் பயன்படுத்தியதோடுதான் அதற்குச் சந்தை பிடித்தது. இப்ப நாங்கள் 'டப் டப்' என்று உடைத்து விளையாடும் தாள், கம்பியூட்டரோடு சேர்ந்து வளர்ந்த சாமான்.

மிஞ்சிய ஐந்து பதிவுகளுக்குத் திரும்பினோம். 1995இன் இறுதியில் இருந்து 2002 வரையும், 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மறுபடி மூடப்பட்ட பிறகும், யாழ்ப்பாணத்தாருக்குக் கடல்வழி முக்கிய பாதைகளில் ஒன்று. பற்றரி உட்படப் பல பொருட்களுக்குக் கட்டுப்பாடு இருந்த காலமும் அதற்குள் வரும். பதிவில் ஒரு அம்மா சொல்கிறா: "இறுக்கிக் கட்டினா அவிழ்க்கச் சொல்லுவினம். அவிழ்த்துக் கொட்டினா திருப்பி அடுக்க நேரம் தரமாட்டினம். அதால லேசா அவிழுற முடிச்சுப் போட்டு, எது எங்க இருக்கெண்டு மனசில வைச்சிருப்பம்." போத்தல்களைச் சாறத்தில் சுற்றி, சந்துகளில் உடுப்பைச் செருகுவார்களாம். மிளகு செய்த வேலையை இங்கே உடுப்பு செய்திருக்கிறது.

எங்கட பொதியை வழியில் ஒருத்தரும் திறக்கவில்லை. அனுப்புவதற்கு முதல் நாங்களும் திறந்து பார்க்கவில்லை. பிழை அதில்தான்.

ஆகவே அடுத்த முறைக்கு எழுதி வைத்திருக்கிறோம். முதலில் பிரதி எடுக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றிக் கைப்பையில் கொண்டுவர வேண்டும். வயர்களைக் கழற்ற முன் படம் எடுக்க வேண்டும். கிராபிக்ஸ் காட்டைக் கழற்றி நிலைமின் தடுக்கும் பையில் தனியாகப் போட வேண்டும். உயரமான கூலர் என்றால் அதையும் கழற்ற வேண்டும். கண்ணாடிப் பக்கம் தனி, மொனிட்டர் தனி. உள்ளே மிஞ்சும் வெற்றிடத்தைக் குமிழித் தாளால் நிரப்பலாம். சாதாரணத் தாள் நிலைமின் உண்டாக்கும் என்பதால், நிலைமின் தடுக்கும் வகையைத் தேட வேண்டும். மதர்போட் கீழே கிடையாகப் படுக்கும்படி பெட்டியை வைத்து, சுற்றிவர இரண்டு அங்குல ரெஜிபோம் கொடுத்து, அதை இன்னொரு பெட்டிக்குள் இறக்க வேண்டும். குலுக்கிப் பார்த்தால் சத்தம் வரக்கூடாது. வந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டவேண்டியதுதான்.

மிஞ்சிய ஐந்து பதிவுகளும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. போனவற்றில் மூன்று பேர் திரும்பக் கதைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் திருகோணமலைக்குப் போகிறோம். வரும்போது ரெக்கோடரை மடியில வைச்சுக்கொண்டுதான் பஸ்ஸில இருப்பம்.