இராமநாதபுரம் முதல் இராமேஸ்வரம் வரை: பிள்ளைகளுடன் பார்க்க வேண்டிய நான்கு இடங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் குடும்பங்கள் வேன் பிடித்து இராமேஸ்வரம் பக்கம் கிளம்புவது வழக்கம். ஏர்வாடி, பாம்பன் பாலம், தனுஷ்கோடி என்று ஒரு சுற்று. போய் வந்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் வெயிலைப் பற்றித்தான் சொல்வார்கள். தனுஷ்கோடி மணலில் ஒதுங்க நிழல் கிடையாது. பதினொரு மணிக்கு மேல் கைக்குழந்தையோடும் வயதான உம்மாவோடும் அங்கே நிற்க முடியாது.

அந்த வெயில் நேரத்தை வீணாக்காமல் கழிக்க இந்த வழித்தடத்திலேயே கூரைக்குக் கீழே நான்கு இடங்கள் இருக்கின்றன. முன் சென்றவர்களின் தடயங்களைப் பயணம் செய்து பார்க்கச் சொல்லித் திருக்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. அந்த எண்ணத்தோடு போனால் ஒரு நாள் சுற்றுலா ஒரு பாடமாகவும் அமையும், இன்ஷா அல்லாஹ்.

1. இராமலிங்க விலாசம், இராமநாதபுரம்

காலையில் முதலில் இங்கே போங்கள். சேதுபதி மன்னர்களின் அரண்மனை வளாகத்தில் உள்ள இந்த மண்டபம் இப்போது தமிழக அரசின் தொல்லியல் துறைப் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம் இது. அவர் 1710இல் மறைந்தார். உள்ளே சுவர் நெடுகிலும் ஓவியங்கள். தஞ்சை மராட்டியருடன் நடந்த போர், ஐரோப்பியர் மன்னரைச் சந்திக்கும் காட்சி, இராமாயணக் காட்சிகள் என்று அந்தக் காலத்து வாழ்க்கையே வண்ணத்தில் நிற்கிறது.

இந்த அரண்மனையில் நமக்கு என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்கலாம். கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்கிற ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் இதே கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றவரும் அவர்தான். ஓர் இந்து மன்னரும் ஒரு முஸ்லிம் வணிகரும் ஒருவரை ஒருவர் நம்பி வாழ்ந்த மண் இது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்த மண்டபத்தில் நின்று சொல்வது நெஞ்சில் பதியும்.

பக்கத்து அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் கிடைத்த பொருட்களையும் இங்கே பாருங்கள். வைகை கடலில் சேரும் இடத்தில் இருந்த பழைய துறைமுகம் அது. ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் அந்த அகழாய்வில் கிடைத்தன. மரக்கலம் ஓட்டிய நம் முன்னோருக்கும் முன்பே இந்தக் கரை உலகத்தோடு வணிகம் செய்திருக்கிறது.

2. கடல் மீன் ஆராய்ச்சி நிலைய அருங்காட்சியகம், மண்டபம்

பாலத்துக்கு முன்னால், மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன் வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் உள்ளது. 1947இல் தொடங்கிய இந்த நிலையத்துக்கு, கொச்சிக்கு மாறும் முன் மண்டபமே தலைமையிடமாக இருந்தது. இங்கே கடல் உயிரினங்களைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மீன் தொட்டிகளும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு நான்கு இடங்களில் இதுதான் அதிகம் பிடிக்கும்.

பெரியவர்களுக்கும் இங்கே பேச விஷயம் இருக்கிறது. சங்கு குளித்தும் முத்துக் குளித்தும் வாழ்ந்த குடும்பங்கள் நம்மில் ஏராளம். கடலில் ஆவுளியா பார்த்த கதையைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கடல் பசுவைக் காப்பாற்றத்தான் 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் ஆவுளியாவுக்கென்று அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. வேனில் வாப்புச்சா இருந்தால் அவரையே பேச விடுங்கள்.

3. கலாம் இல்லம், இராமேஸ்வரம்

பாலம் கடந்து போகும்போது பேக்கரும்பில் கலாம் நினைவிடம் நெடுஞ்சாலை ஓரமாகவே தெரியும். எல்லா வண்டியும் அங்கேதான் முதலில் நிற்கும். என் ஆலோசனை, நிற்காமல் நேரே ஊருக்குள் போங்கள். முதலில் அவர் வளர்ந்த வீடு, திரும்பும் வழியில் அவர் அடங்கிய இடம். அந்த வரிசையில் பார்த்தால்தான் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் புரியும்.

டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் 1931 அக்டோபர் 15இல் பிறந்தார். பள்ளிவாசல் தெருவில் உள்ள அந்த வீட்டின் மாடியில் அவருடைய படங்கள், விருதுகள், நூல்கள் எல்லாம் காட்சிக்கு இருக்கின்றன. அது இன்றும் ஒரு குடும்ப வீடுதான். சத்தம் போடாமல் போய் வாருங்கள். லுஹர் நேரமாக இருந்தால் அந்தப் பகுதிப் பள்ளிவாசலிலேயே தொழுதுகொள்ளலாம்.

படங்களைப் பார்த்து முடித்த பின் பிள்ளைகளை உட்கார வைத்து இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். இரண்டும் அவரே தன் சுயசரிதையான அக்கினிச் சிறகுகளில் எழுதியவை. உலகப் போர்க் காலத்தில் இராமேஸ்வரம் நிலையத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் நாளிதழ்க் கட்டுகளைப் பிடிக்கும் வேலையில் உறவினருக்கு உதவித் தன் முதல் சம்பளத்தைச் சம்பாதித்தார். பின்னர் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டப் பணம் இல்லை. அக்கா சொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போன பாதை ஒரு ராத்தாவின் நகையில் தொடங்கியது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும், தம்பியைப் படிக்க வைக்கும் அக்காமார்களும் அந்த மாடியில் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கலாம்.

4. கலாம் நினைவிடம், பேக்கரும்பு

2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மயங்கி விழுந்து வஃபாத்தானார். 30ஆம் தேதி பேக்கரும்பில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அங்கே பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. கட்டிய நினைவிடம் 2017 ஜூலை 27இல் திறக்கப்பட்டது. உள்ளே நான்கு கூடங்களில் படங்கள், ஓவியங்கள், உருவச் சிலைகள், ராக்கெட், ஏவுகணை மாதிரிகள் இருக்கின்றன. 1980இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து சென்ற எஸ்.எல்.வி.-3 பற்றி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் அதிகம் கேட்பார்கள். முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிலைகள் இருக்கும் இடத்துக்குப் போகலாமா?

இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வரலாற்றை அறியப் போவது வேறு, உருவத்தை மகிமைப்படுத்தப் போவது வேறு என்பதே நான் சொல்லும் பதில். சிலைக்கு மாலை போடுவதும், முன்னால் குனிவதும், அந்தக் கூடத்தில் தொழுவதும் வேண்டாம். அதற்கு மேலும் பேணுதலாக இருக்க விரும்புபவர்கள் தங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்ளட்டும். கப்ருக்கு அருகில் ஸலாம் சொல்லி, மர்ஹூமுக்காக துஆச் செய்து, அடுத்தவருக்கு வழி விடுங்கள்.

புறப்படும் முன்

அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை எப்போதும் ஞாயிறாக இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை மூடுகிற இடங்களும் உண்டு. ஆராய்ச்சி நிலையத்துக்கு அலுவலக விடுமுறை நாள் பொருந்தும். நான்கையும் கேட்டு உறுதி செய்த பின் வண்டிக்குச் சொல்லுங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள். சுவரோவியங்களைப் பிள்ளைகள் கையால் தடவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முந்நூறு ஆண்டு தாக்குப்பிடித்த வண்ணம் கை வியர்வை பட்டுப் பட்டே உதிர்ந்துவிடும்.

நிறைவாக ஒன்று. எங்கள் மஹல்லாவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. இலங்கையிலிருந்து வந்த கடிதங்கள், தோணிக் கணக்கு, அரபுத்தமிழில் எழுதிய ஒரு கையேடு. நான் போய்ச் சேருவதற்குள் பாதி பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. எடைக்குப் போட்டவர் கெட்டவர் அல்லர். அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான்.

பள்ளிவாசல் தெரு வீடும் ஒரு காலத்தில் சாதாரண வீடுதான். வைத்திருந்ததால் இன்று நாம் பார்க்கிறோம். சுற்றுலா முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளோடு நம் பரணையும் ஒருமுறை பாருங்கள். வாப்புச்சாவின் பழைய பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை, கணக்கு நோட்டு எது கிடைத்தாலும் தூசி தட்டி, யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். படிக்க முடியாத எழுத்தாக இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டுங்கள். எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.