வாளும் மூன்றடியும்

வீரத்தைப் போற்றாத இனம் உலகில் இல்லை. ஆயின், வீரம் வீழ்ந்த இடத்தில் நின்று பாடத் தெரிந்த இனங்கள் சிலவே. தமிழரும் ஜப்பானியரும் அச்சிலருள் அடங்குவர்.

ஜப்பானில் சாமுராய் எனும் போர்மறவரின் ஆட்சி, 1192-இல் மினமோட்டோ யோரிடோமோ ஷோகன் பட்டம் ஏற்றதோடு நிலைபெற்றது. அவன் வெற்றிக்குப் பெருந்துணை நின்றவன் தம்பி யோஷிட்சுனே. அண்ணனின் ஐயத்திற்கு ஆளாகி, வடபுலத்து ஹிராய்சுமியில் அடைக்கலம் புகுந்த அவன், புகலளித்த குலத்தாரே படை ஏவியதால் 1189-இல் அங்கு உயிர் துறந்தான். அவ்வாண்டிலேயே அக்குலத்தையும் யோரிடோமோ அழித்தான்.

சரியாக ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1689-இல் அம்மண்ணை மிதித்தவர் பாஷோ (1644-1694). எளிய சாமுராய் வழியில் வந்தவர் அவர். கவிதைத் தோழனுமாய் விளங்கிய இளந்தலைவன் யோஷிடடா 1666-இல் மறையவே, பணியைத் துறந்து கவிதையைப் பற்றினார். ஹிராய்சுமிக் கோட்டை மேட்டில் புல் மண்டிக் கிடந்தது. சீனப் பெருங்கவிஞர் தூ ஃபூவை நினைந்து, நெடுநேரம் கண்ணீர் உகுத்ததாகத் தம் பயண நூலில் அவர் எழுதுகிறார். அங்குப் பிறந்த ஹைக்கூவில் வென்றவன் பெயரும் இல்லை. தோற்றவன் பெயரும் இல்லை.

நம் மரபோ பெயரைக் கல்லில் பொறித்தது. ஆநிரைப் பூசலில் பட்ட வீரனுக்குத் தமிழ்ப் பிராமியில் எழுத்துப் பொறித்த நடுகற்கள், 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்டவற்றுள் உள்ளன. முதுகில் புண்பட்ட நாணத்தால் வெண்ணிக் களத்தில் வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதன், மானத்தின் பொருட்டுத் தம் வாளாலேயே மாய்ந்த சாமுராய்களை நினைவூட்டுகிறான். பெயரை நிறுத்துவது நம் வழி. பெயரைக் கரைப்பது பாஷோவின் வழி. இரண்டும் மறதியை எதிர்த்த வழிகளே.

இவ்விரு மரபுகளும் கைகோத்த இடம் நம் புதுவை என்பது நமக்குப் பெருமை. 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த பாரதியார், 1916-இல் சுதேசமித்திரனில் 'ஜப்பானியக் கவிதை' எனும் கட்டுரை வரைந்து, ஹைக்கூவைத் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். சொற்சுருக்கத்தை வியந்த அவர், அதனுள் அடங்கிய பொருட்பெருக்கையும் சுட்டத் தவறவில்லை. 1980-களில் தமிழில் ஹைக்கூ நூல்கள் பெருகின. எனினும், இன்று மூன்று வரிகளை எண்ணுவோர் பலர். அம்மூன்று வரிகளுக்குப் பின்னால் நிற்கும் வரலாற்றை எண்ணுவோர் சிலர்.

மணப்பட்டுக்கு அண்மையில் உள்ள பாகூரும் ஒரு போர்க்களமே. 1752-இல் லாரன்ஸின் ஆங்கிலப் படை, கெர்ழான் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையை அங்கு முறியடித்தது. இருபுறத்தும் மிகுதியாக நின்றவர்கள் இந்நாட்டுச் சிப்பாய்களே. தளபதியர் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. அயலார் இருவரின் பகைக்காக மாண்ட அச்சிப்பாய்களுக்கோ நடுகல்லும் இல்லை. நாமறியப் பாடலும் இல்லை.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் ஹிராய்சுமி வரை செல்ல வேண்டுவதில்லை. பாகூர் வரப்பிலும் புல் முளைத்திருக்கிறது. அதன்முன் சிறிது நேரம் நின்றால் போதும்.