ஒட்டுச்சித்திர ஏடுகள்

சேகரித்த காகிதம், அச்சுப்படம், துணி, உலர்ந்த இலை, பயணச்சீட்டு, விளம்பரத் துண்டு முதலியவற்றை வெட்டியோ கிழித்தோ ஒட்டி, எழுத்தும் வண்ணமும் சேர்த்துக் கையால் உருவாக்கும் நூல் ஒட்டுச்சித்திர ஏடு. கொலாஜ் புத்தகம் என்றும் சொல்வதுண்டு. கொலாஜின் வரலாற்றை 1912ஆம் ஆண்டின் பிரான்சில் தொடங்குவது கலை நூல்களின் வழக்கம். சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு அந்தத் தொடக்கம் பொருந்தலாம். புத்தகத்துக்குள் ஒட்டும் கலையோ அதற்கு எண்ணூறு ஆண்டுகள் மூத்தது.

ஜப்பானின் கியோத்தோ நகரில் நிஷி ஹோங்கான்ஜி கோயிலுக்கு உரிய ‘முப்பத்தாறு கவிஞர் தொகை’ சுமார் 1112இல் உருவானது. கவிதைகளை எழுதும் முன்பே தாள்களைத் தயாரித்துவிட்டார்கள். நேர்கோட்டில் வெட்டி இணைப்பது, நார் பிசிறு தெரியக் கிழித்து இணைப்பது, ஒரே நிறத் தாள்களைப் பல சாயல்களில் அடுக்கி விளிம்பு மட்டும் வரிவரியாகத் தெரிய ஒட்டுவது என மூன்று முறைகள் அதில் உள்ளன. மலைத்தொடராகவும் நீர்க்கரையாகவும் தோன்றும் அந்தக் கிழிசல்களின் மேல் தூரிகை எழுத்து ஓடுகிறது. 1929இல் ஒரு பெண்கள் கல்வி நிறுவனத்துக்கு நிதி திரட்ட, இதன் இரண்டு தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்து விற்றார்கள். ‘இஷியாமா துண்டுகள்’ எனப்படும் அந்தத் தாள்கள் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒட்டிச் சேர்த்த ஏட்டை மறுபடி பிரித்துப் போடும் இந்த அவலம் இக்கலையின் வரலாறு நெடுகிலும் வருகிறது.

பாரசீகத்திலும் முகலாய அரண்மனைகளிலும் ‘முரக்கா’ எனப்பட்ட ஏடுகள் வழங்கின. வெவ்வேறு காலத்து ஓவியங்களையும் எழுத்தணித் தாள்களையும் அளவுக்கு வெட்டி அட்டையில் ஒட்டி, சுற்றிலும் பொன்னால் ஓரச் சித்திரம் தீட்டுவார்கள். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் குல்ஷன் ஏட்டில் ஐரோப்பிய அச்சுப்படங்களும் இடம்பெற்றன. அதன் பெரும்பகுதி தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனையில் உள்ளது. முகலாய இளவரசர் தாரா ஷிகோ தொகுத்து 1641-42இல் மனைவி நாதிரா பானுவுக்குப் பரிசளித்த ஏடு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் அவர் எழுதிய சமர்ப்பணத்தை யாரோ பிற்பாடு பொன்பூச்சால் மறைக்க முயன்றிருக்கிறார்கள்.

இக்கலையின் மிகப் பெரிய தனிமனிதச் சாதனை, இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி டிலேனியுடையது என்றே சொல்ல வேண்டும். 1700இல் பிறந்த இவர், இரண்டாம் கணவரை இழந்த பின், 72 வயதில் இந்த வேலையைத் தொடங்கினார். சிவப்புக் காகிதம் ஒன்றின் நிறமும் அருகிலிருந்த ஜெரேனியம் பூவின் நிறமும் ஒன்றாக இருந்ததைக் கண்டு, காகிதத்தை இதழ் இதழாக வெட்டி ஒட்டிப் பார்த்தார். அதிலிருந்து பத்தாண்டுகளில் 985 தாவரப் படங்களை உருவாக்கினார். சுவருக்கு ஒட்டும் காகிதம் தயாரிப்போரிடமிருந்து சாயம் ஓடிய தாள்களை வாங்கினார். சில படங்களில் நிஜ இலையையே பதித்தார். கறுப்பு மை பூசிய தாளின் மேல் ஒவ்வொரு நரம்பும் மகரந்தத் தண்டும் தனித்தனிக் காகிதத் துணுக்குகள். ஒரு கொடிப்பூவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட துணுக்குகள் உண்டு. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆதரவால் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து செடிகள் வந்தன. 1782இல் கண்பார்வை மங்கியதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தாவர வகைப்பாட்டுக்கு உதவும் அளவு துல்லியமான அந்தப் பத்துத் தொகுதிகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

19ஆம் நூற்றாண்டில் வண்ணக் கல்லச்சு மலிவானதும் ஸ்கிராப் புக் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் புகுந்தது. தாள் விலை அதிகம் என்பதால் பழைய அரசாங்க அறிக்கைகளின் மேலேயே படங்களை ஒட்டினார்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன், ஈரப்படுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பசை பூசிய ஏட்டுக்கு 1873இல் காப்புரிமை பெற்றார். டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், தெரிந்த குடும்பத்துக் குழந்தைகளுக்காகப் பட ஏடுகள் ஒட்டித் தந்தார்.

1912இல் பிரான்சில் ஓவியர் பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியையும், பிராக் மரவரி அச்சிட்ட காகிதத்தையும் ஓவியத்தில் ஒட்டினார்கள். நாற்காலியும் குடும்ப ஆல்பமும் இருந்த வீட்டிலிருந்து பசை கலைக்கூடத்துக்குப் போனது. அது ஏட்டுக்குத் திரும்பியது ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டின் கையால். பழைய தொடர்கதைகளின் மரச்செதுக்குப் படங்களை வெட்டி இணைத்து அவர் 1934இல் வெளியிட்ட ‘கருணை வாரம்’ 182 படங்களால் ஆன, சொற்களற்ற நாவல். ஒட்டிய தடம் அச்சில் தெரியாததால் ஒவ்வொரு காட்சியும் உண்மையில் நடந்ததுபோல மிரட்டுகிறது. பெர்லினின் கொலாஜ் கலைஞர் ஹன்னா ஹோக் 1933 வாக்கில், ஒரு பெண்கள் இதழின் பக்கங்கள் மேலேயே நானூறுக்கும் மேற்பட்ட செய்திப் படங்களை ஒட்டி ஓர் ஏடு செய்தார். நாஜிகள் அவர் போன்றோரின் கலையைச் சீரழிந்தது என்று தூற்றிய காலத்தில், ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் அவர் தம் தொகுப்பை மறைத்துக் காத்தார்.

இந்தியாவில் இக்கலையின் உச்சம் அவனீந்திரநாத் தாகூரின் ‘குத்தூர் ஜாத்ரா’. வங்கப் பாணி ஓவியத்தின் தலைவராகப் போற்றப்பட்டவர், 1930களில் தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, ஜாத்ரா எனும் நாட்டுக்கூத்துப் பிரதிகளை எழுதிக்கொண்டிருந்தார். இராமாயணத்தைக் கூத்தாக எழுதிய இந்தக் கையெழுத்துப் பிரதியில் செய்தித்தாள் படங்கள், மருந்து விளம்பரங்கள், பொருள்களின் லேபிள்கள் ஆகியவற்றை வெட்டி ஒட்டினார். கடைத்தெரு விளம்பரமே இதிகாசப் பாத்திரமாக மாறி, காவியமும் காலனிய நகரமும் ஒரே பக்கத்தில் மோதுகின்றன. இவ்வளவு துணிச்சலான ஏடு பல பத்தாண்டுகள் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 2009இல்தான் கொல்கத்தாவின் பிரதிக்ஷண் பதிப்பகம் அதை மூலத்தின் சாயலிலேயே அச்சிட்டது. மேலை நாட்டுக் கொலாஜ் வரலாறுகள் இதைச் சேர்க்காமல் எழுதப்படுவது பெருங்குறை.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு, வார இதழ்த் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்யும் வீட்டுப் பழக்கம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் மணியம் ஓவியங்களுடன் வந்த ‘பொன்னியின் செல்வன்’ இப்படிப் பல வீடுகளில் நூலானது. பக்கத்தின் மறுபுறத்தில் தங்கிவிட்ட துணுக்குகளும் விளம்பரங்களும் அச்சு நூலில் கிடைக்காத ஒரு காலத்தைக் காட்டுகின்றன.

பிற்காலத்தில் இருவர் தனித்து நிற்கிறார்கள். ஓவியர் டாம் ஃபிலிப்ஸ் 1966இல் லண்டனில் மூன்று பென்னிக்கு ஒரு பழைய நாவலை வாங்கி, பக்கங்களைத் தீட்டியும் ஒட்டியும் மறைத்து, எஞ்சிய சொற்களிலிருந்து ‘எ ஹ்யூமுமெண்ட்’ என்ற புதிய நூலை எடுத்தார். இறுதிப் பதிப்பு 2016இல் வந்தது. நைரோபியில் வளர்ந்த டான் எல்டன் புகைப்படம், மைக்கறை, நாணயத்தாள் என ஒட்டி 17 நாட்குறிப்பு ஏடுகளை நிரப்பினார். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரராக 1993இல் சோமாலியாவின் மொகதிஷுவில் கும்பலால் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 22.

சுவர்ப்படத்துக்கு இல்லாத சிக்கல் ஏட்டுக்கு உண்டு: அது மூட வேண்டும். ஒட்டிய பொருள்களால் பக்கங்கள் தடித்து, முதுகு தாங்காமல் விரியும். அதனால் தைக்கும்போதே முதுகுப் பக்கம் குறுகிய காகிதப் பட்டைகளைச் செருகுவார்கள், அல்லது இடையிடையே சில தாள்களை வெட்டி எடுப்பார்கள். ஈரப்பசையால் தாள் சுருளும். மறுபுறமும் ஒரு தாள் ஒட்டினால் நிமிர்ந்துவிடும். நம் பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். நீரில் இளகும் மாவுப்பசையைப் பின்னாளில் பழுதுபார்ப்பவர் எளிதில் பிரிக்க முடியும். செலோடேப்போ சில ஆண்டுகளிலேயே மஞ்சளாகிக் கறை விடும். செய்தித்தாள் தன்னிலுள்ள அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குவதோடு, தொட்டுக்கொண்டிருக்கும் எதிர்ப்பக்கத்தையும் பழுக்க வைக்கும்.

ஓரிரு படங்களுக்காக ஏட்டைப் பிரித்து விற்கும் வழக்கம் பழம்பொருள் சந்தையில் இன்னும் ஓயவில்லை. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை, எந்த வரிசையில் ஒட்டினார்கள் என்பதே ஏட்டின் உள்ளடக்கம். பிரித்தால் அது மீளாது. வீட்டில் பாட்டியோ அத்தையோ ஒட்டி வைத்த இத்தகைய ஏடு இருந்தால், அதைப் பிரிக்கவோ லேமினேட் செய்யவோ வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படமெடுத்து, ஒட்டியவரின் பெயரையும் காலத்தையும் தனித்தாளில் எழுதி உடன் வைத்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் படுக்கைவாக்கில் வையுங்கள்.