பழைய கார் வாங்கும் விவசாயிகள் கவனத்துக்கு: கிளட்ச் கோளாறா, கியர் பாக்ஸ் கோளாறா?

சென்னையில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று பழைய கார், சிறு சரக்கு வாகனம் வாங்கும் விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஆதம்பாக்கம், வேளச்சேரி, மடிப்பாக்கம் பகுதிகளில் ஏராளமான வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. பாலிஷ் போட்டால் வெளியே தெரியாது. கிளட்ச்சும் கியர் பாக்ஸும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் இன்ஜினை நிறுத்தி, கிளட்ச்சை முழுவதும் மிதித்து எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். நின்றபோது எளிதாக விழுந்த கியர் ஓடும்போது முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். நின்றபோதும் விழவில்லை என்றால் கியர் லீவர் இணைப்பிலோ பாக்ஸின் உள்ளேயோ கோளாறு இருக்கலாம்.

ரிவர்ஸ் கியரிலும் இது தெரியும். கிளட்ச்சை மிதித்து நான்கைந்து விநாடி கழித்துப் போடுங்கள். அப்போதும் கரகரவென்று பல் உரசினால் கிளட்ச்தான் விடுபடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் வகையில் ஆயில் கசிந்திருக்கலாம். பெடலை நான்கு முறை அடித்தபின் கியர் விழுந்தால் ஹைட்ராலிக் பக்கம் சந்தேகப்படுங்கள். இவை சிறிய செலவு.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதுண்டு. பெடல் சாதாரணமாகவே இறங்கும், ஆனால் பிளேட் விடுபடாது. அத்தகைய வண்டியை கியரில் வைத்து ஸ்டார்ட் செய்தால் பாய்ந்துவிடும். அதனால் எப்போதும் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

நான்காவது கியரில் சமதளச் சாலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. கருகல் வாடையும் வரும். பிளேட் மாற்ற கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். கூலி ஒருமுறைதான் என்பதால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. டிராக்டர் ஓட்டும் பழக்கத்தில் காரிலும் பெடல் மீதே காலை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு சீக்கிரம் வரும்.

ஒரே ஒரு கியர் மட்டும் உரசினால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். ஓடும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, விலை பேசும் முன் மெக்கானிக்கிடம் சொல்லி கியர் ஆயிலைச் சிறிது இறக்கிப் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயில் மாற்றினால் நிறம் சரியாகும், துருப்பிடித்த பேரிங் சரியாகாது. புதிதாக ஊற்றும்போதும் வண்டிக் கையேட்டில் சொன்ன ரகமே வேண்டும். டிராக்டருக்கு வாங்கிய ஆயில் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று காரில் ஊற்றாதீர்கள்.