இமாமின் முதுமை

யானைமலையின் அடியில் அமைந்த ஒத்தக்கடையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஓதிக்கொடுத்தே மூப்படையும் ஹஸ்ரத்மார்களை நாம் காண்கிறோம். குரல் ஓய்ந்தபின் அவர்களுக்கு வாழ்வாதாரம் எது? இவ்வினா புதிதன்று.

இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் ‘கிதாபுல் கராஜ்’ ஒரு செய்தியைத் தருகிறது. பார்வையிழந்து இரந்து நின்ற முதிய யூதர் ஒருவரைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். இளமையில் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று எனக் கருதி, பைத்துல்மாலிலிருந்து உதவிப்பணம் வழங்கச் செய்தார்கள்.

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம், தொழிலாளி செலுத்தும் பங்கோடு முதலாளியும் ஒரு பங்கு செலுத்தப் பணித்தது. ஆயினும் பொதுவாக 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களையே அது கட்டுப்படுத்தும். ஓர் இமாமும் ஒரு மோதினாரும் மட்டுமே பணிபுரியும் பள்ளிவாசல் அவ்வரம்புக்குள் வராது. தமிழக அரசு 1981இல் உலமா ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது; அதுவும் எல்லோரையும் எட்டவில்லை.

வட்டிக்கு அஞ்சிச் சேமிப்பையே கைவிடுவோர்க்கு மலேசியா வழிகாட்டுகிறது. பேராசிரியர் உங்கு அஜீஸ் 1959இல் முன்வைத்த யோசனையிலிருந்து, 1963இல் ஹஜ் சேமிப்பு நிதியம் அங்கே செயற்படத் தொடங்கியது. சிற்றூர் மக்களின் சிறுதொகைகள் வட்டியின்றித் தொழில்களில் முதலீடாயின. இலாபம் சேமித்தவர்களுக்கே பங்கிடப்பட்டது.

இமாமின் மாத ஊதியத்தில் ஒரு பங்கும், அதற்கு ஈடாக ஜமாஅத்தின் ஒரு பங்கும் அவர் பெயரில் சேரட்டும். அது நாம் செய்யும் தருமமன்று, அவருடைய உரிமை. விடைபெறும் நாளில் நாம் போர்த்தும் பொன்னாடை ஒருவேளை உணவுக்கும் உதவாது.