திருச்சிராப்பள்ளிச் சுருட்டு: சாம்பலும் சுவையும்

திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பது உறையூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கையால் சுற்றப்பட்டு, 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை பெயர் பெற்ற காட்டமான சுருட்டு வகையாகும். இதற்கான புகையிலை பெரும்பாலும் திண்டுக்கல் பகுதியில் விளைந்தது. பெயர் மட்டும் திருச்சிக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்ற சொல் ‘சுருட்டு’ என்பதன் திரிபே. 1886 இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் அதைத் தமிழ்ச் சொல்லாகவே காட்டுகிறது.

புதுக்கோட்டைக்கு இது அயலூர்ச் சரக்கு அன்று. தொண்டைமான் சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவுடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. 1974 ஜனவரி 14 இல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. இவ்வட்டாரக் கிராமங்களில் முனீசுவரருக்கும் கருப்பருக்கும் வைக்கும் படையலில் சுருட்டு இடம்பெறுவதுண்டு. காவல் தெய்வத்துக்கு வைப்பது காட்டமான சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள் போலும்!

தரம் பார்த்தல்

சுருட்டின் தரத்தை முதலில் விரல்தான் அறியும். உள்ளே வைக்கும் இலை, அதைக் கட்டும் இலை, மேலே சுற்றும் இலை என அதில் மூன்று அடுக்குகள் உண்டு. மெல்ல அழுத்தும்போது ஓரிடத்தில் கல்போலவும் மற்றோரிடத்தில் பொள்ளலாகவும் இருந்தால் சுற்றிய கை சரியில்லை என்று பொருள். பற்றவைக்கும் முன்பே வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். காற்று தாராளமாக வர வேண்டும்.

காட்டமும் கனமும் ஒன்றல்ல. காட்டம் நிக்கோட்டினால் வருவது, தலையைச் சுற்றவைக்கும். கனம் என்பது புகை வாயில் நிறைந்து நிற்கும் தன்மை. சுருட்டின் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்தே சுவை பார்ப்பார்கள். பாதிக்கு மேல் எரியும்போது சுவை இன்னும் கடுமையாகும். அந்தக் கடைசிப் பகுதியிலும் கசப்பு மேலோங்காதிருப்பதே உயர்ந்த சுருட்டு.

கரிய சாம்பல்

ஆர்தர் கானன் டாயில் 1887 இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கொண்டே கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். அச்சாம்பல் கருமையாகவும் செதில் செதிலாகவும் இருந்ததாம். படிக்கும் தமிழருக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் சுருட்டை மதிப்பிடுவோர் வெளுத்து, உதிராமல் நிற்கும் சாம்பலையே பொதுவாக விரும்பினர். கதையில் தடயமான குணம், சந்தையில் குறையாக எண்ணப்பட்டது.

இதில் மண்ணுக்கும் நீருக்கும் பங்குண்டு. இலையில் பொட்டாசியம் போதிய அளவு இருந்தால் நெருப்பு அணையாமல் நிற்கும். குளோரைடு மிகுந்தால் எரிதல் மந்தமாகும். உவர்ப்பான கிணற்று நீர் பாய்ந்த புகையிலை மெல்லுவதற்கு ஏற்றதாகலாம், சுருட்டுக்கு ஆகாது. திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூரில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை அமைந்ததற்கு, இப்பகுதியில் இவ்விரு வகைப் புகையிலையும் விளைவதே காரணம்.

வின்ஸ்டன் சர்ச்சில் திருச்சிச் சுருட்டை விரும்பினார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது 1895 இல் அவர் சென்றுவந்த கியூபாவின் சுருட்டுதான்.

பீடியும் சிகரெட்டும் மலிவாகப் பரவியபின் உறையூரின் தொழில் சுருங்கியது. சுற்றுவோருக்கு வேலை நேரம், விடுப்பு முதலியவற்றை வரையறுத்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966 இல்தான் வந்தது. புகையை உள்ளிழுக்காவிட்டாலும் சுருட்டு வாய்ப்புற்றை உண்டாக்கும். நாள் முழுதும் இலைத்தூளில் அமர்ந்து சுற்றியவர்களோ அதைப் புகைக்காமலே அதன் காட்டத்தைச் சுவாசித்தார்கள்.