கல்லைப் படித்தவர், மழையைச் சொன்னார்!

முகூர்த்த நாட்களில் திருவந்திபுரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரே காலையில் வரிசையாகக் கல்யாணங்கள். தேவநாத சுவாமி கோயில், எதிரே ஔஷதகிரி மேல் ஹயக்ரீவர், கீழே கெடிலம் ஆறு. மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு பஸ் ஏறுகிறவர்கள் யாரும் சுற்றியுள்ள செம்மேட்டைக் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை!

ஆனால், அந்த மேட்டுக்கு உலகப் புவியியல் புத்தகங்களில் ஒரு தனி இடம் உண்டு. திருவந்திபுரத்துக்குப் பக்கத்துக் கேப்பர் மலையிலும், புதுச்சேரிப் பக்கத்துச் செம்மண் மேடுகளிலும், நெய்வேலி வட்டாரத்திலும் காணப்படும் இந்தக் கற்களுக்குப் பெயரே 'கடலூர் மணற்கல்'தான். அந்தப் பெயரைப் புவியியலுக்குக் கொடுத்தவர் ஹென்றி ஃப்ரான்சிஸ் ப்ளான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர்.

யார் இந்த ப்ளான்ஃபோர்ட்?

1834-ல் லண்டனில் பிறந்தவர். 1855-ல் அண்ணன் வில்லியமும் இவரும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைத்துக் கப்பலேறி வந்தார்கள். முதல் வேலை, ஒரிசாவில் தால்ச்சேர் நிலக்கரி வயல். அங்கே ஒரு விசித்திரம். வெண்ணெய் மாதிரி மென்மையான பழைய சேற்றுப் படிவத்துக்குள் பெரிய பெரிய பாறைகள் புதைந்து கிடந்தன. ஓடுகிற தண்ணீர் அவற்றைக் கொண்டுவந்திருந்தால், அந்த வேகத்தில் மெல்லிய சேறு நிற்காமல் அடித்துப் போயிருக்கும். தண்ணீர் மெதுவாக ஓடியிருந்தால் பாறை நகர்ந்தே இருக்காது. அப்படியென்றால் தூக்கி வந்தது யார்? 'பனிக்கட்டி!' என்றது அவர்களுடைய 1856-ம் ஆண்டு அறிக்கை. வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனிக்கட்டியா என்று பலர் புருவம் உயர்த்தினார்கள். பிற்பாடு, அவர்கள் சொன்னது சரி என்றாகிவிட்டது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனி அது.

வெறும் கல்லையும் மண்ணையும் வைத்துக்கொண்டு, அன்றைக்கு அந்த இடத்தில் வெயிலா, மழையா, பனியா என்று கண்டுபிடிப்பது. இன்று இதைத் தொல்பருவநிலை ஆய்வு என்கிறார்கள். இதற்கென்றே பல்கலைக்கழகங்கள் வேலைக்கு ஆள் எடுக்கின்றன. ப்ளான்ஃபோர்ட் அதைச் செய்தபோது அவருக்கு வயது 22!

அதன்பிறகு அவர் வந்து சேர்ந்த இடம் நம் தென்னாற்காடும் திருச்சியும். அரியலூர்ப் பக்கத்துக் கிளிஞ்சல் பாறைகள் தொடங்கி கடலூர் மணற்கல் வரை அலசினார். இந்த மணற்கல்லின் மிகப் பெரிய ஆச்சரியம் திருவக்கரையில் இருக்கிறது. கல்லாக மாறிப்போன மரங்கள்! 1781-லேயே சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் இந்த வட்டாரத்துக் கல்மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். சில மரங்களின் இனத்தை இன்றைக்குப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்குப் போக வேண்டும். அதாவது, இன்று முந்திரியும் பனையும் நிற்கும் இந்தப் பகுதியில், சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் மழை கொட்டித் தீர்த்திருக்கிறது.

சரி, ப்ளான்ஃபோர்ட் என்ன ஆனார்?

காட்டிலும் மேட்டிலும் அலைந்ததில் உடம்பு கெட்டுப்போய் 1862-ல் புவியியல் வேலையை விட்டார். கல்கத்தா பிரசிடென்ஸி காலேஜில் வாத்தியாராகச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில், 1864 அக்டோபர் 5-ம் தேதி, கல்கத்தாவை ஒரு பயங்கரப் புயல் தாக்கியது. செத்தவர்கள் சுமார் 60 ஆயிரம் பேர். அந்தப் புயலைப் பற்றி விசாரித்து அறிக்கை எழுதிய இருவரில் ஒருவர் நம் ஆள். அத்தோடு கல்லிலிருந்து வானத்துக்கு மாறினார் மனுஷன். 1875-ல் இந்திய வானிலைத் துறை உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே.

நாற்காலியில் சரியாக உட்கார்வதற்குள் வந்தது 1876. நம் பாட்டிகள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தினார்களே, அதுவேதான். சென்னை ராஜதானியில் மழை பொய்த்தது. பஞ்சம் மேலும் பரவ, 1878 வரை நாடு முழுக்கச் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அரசாங்கம் ப்ளான்ஃபோர்டைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: 'அடுத்த தடவை மழை பொய்க்குமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?'

கையிலிருந்த கணக்குகளைப் புரட்டி அவர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். இமயமலையில் பனி அதிகம் விழுந்தால், அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை குறையும். 1884-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை வெளியிட்டார். 1886 ஜூன் 4-ம் தேதி, நாடு முழுமைக்குமான முதல் பருவமழை முன்னறிவிப்பு முறைப்படி வந்தது. ஆரம்பத்தில் நன்றாகவே பலித்தது. பிறகு? அவருக்கு அடுத்து வந்த ஜான் எலியட், 1899-ல் நல்ல மழை என்று சொன்னார். வந்தது கொடிய வறட்சி!

சூத்திரம் முழுப் பொய் இல்லை. ஆனால், கணக்குப் புத்தகம் ரொம்பச் சின்னது.

காமர்ஸ் படித்த என் மாதிரி ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். நூறு வருஷக் கம்பெனிக்குக் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க, இரண்டு மாத பாஸ்புக்கை மட்டும் பார்த்தால் எப்படி இருக்கும்? சென்னை வானாய்வுக்கூடம் கட்டப்பட்டது 1792-ல். சென்னையின் மழைக் கணக்கு 1813-லிருந்துதான் இருக்கிறது. பல ஊர்களுக்கு அதுகூட இல்லை. ஆனால், பருவமழையோ பல லட்சம் வருஷக் கம்பெனி!

அப்படியென்றால் பழைய பேரேடுகள் எங்கே? ப்ளான்ஃபோர்ட் விட்டுவிட்டு வந்தாரே, அந்தக் கல்லிலும் மண்ணிலும்தான்.

அதைப் படிக்கும் கண்ணாடி 20-ம் நூற்றாண்டின் நடுவில்தான் கிடைத்தது. ஆக்சிஜனில் லேசானது உண்டு, கொஞ்சம் கனமானதும் உண்டு. ஐசோடோப் என்பார்கள். கிளிஞ்சல் வளர்ந்த தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால், ஓட்டில் கனமான ஆக்சிஜன் கூடுதலாகச் சேரும். ஆகவே ஓட்டை அளந்தால் அன்றைய கடலின் வெப்பநிலை தெரியும் என்று 1947-ல் எழுதினார் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரி. வேதியியல், கடந்த காலத்துக்கு ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்துவிட்டது!

நம் ஊர் உதாரணத்துக்கு வருவோம். நீலகிரியில் புல்வெளிக்கு நடுவே சதுப்புக் குழிகள் உண்டு. செடிகொடிகள் மட்கியும் மட்காமலும் அடுக்கடுக்காகத் தேங்கிய கறுப்புச் சேறு. ராமன் சுகுமார், ஆர்.ரமேஷ், ஆர்.கே.பந்த், ஜி.ராஜகோபாலன் என்ற நான்கு விஞ்ஞானிகள் அதை எடுத்து, அதிலுள்ள கார்பனை அளந்தார்கள். மரம், நெல் போன்றவை ஒரு விகிதத்தில் கனமான கார்பனை எடுத்துக்கொள்ளும். கரும்பு, சோளம், வெப்பநாட்டுப் புற்கள் வேறு விகிதத்தில். வறட்சி வந்தால் பின்னவை ஜெயிக்கும். ஆக, சேற்றிலுள்ள கார்பன், அன்று மழை எப்படி என்று காட்டிக்கொடுத்துவிடும். 1993-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்த அந்த ஆய்வு, 20 ஆயிரம் ஆண்டுகளின் கதையைச் சொன்னது. பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரி வறண்டு கிடந்தது. 6,000 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 3,500 ஆண்டுகளுக்கு முன்புவரை நீண்ட வறட்சி. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பு குறுகிய காலம் ஈரம்.

யோசியுங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷ வறட்சி! எந்த ரெவின்யூ ரிக்கார்டில் இது இருக்கும்?

இன்னொரு பேரேடு, சத்தீஸ்கரில் பஸ்தர் பகுதியிலுள்ள தண்டக் குகை. கூரையிலிருந்து சொட்டும் நீரில் வளர்ந்த சுண்ணாம்புக் கூம்பை அளந்து, 2007-ல் ஒரு குழு மழைக் கணக்கு வெளியிட்டது. 14-ம் நூற்றாண்டில் பருவமழை பலமாகத் தளர்ந்ததாக அது சொல்கிறது. தக்காணத்தில் துர்காதேவி பஞ்சம் தொடங்கியதும் அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். நம் திருவந்திபுரத்தில் வேதாந்த தேசிகர் வாழ்ந்ததும் 14-ம் நூற்றாண்டில்தான். அவர் தன் கையால் கட்டியதாகச் சொல்லப்படும் கிணறு இன்றும் அங்கே உண்டு. (கிணற்றையும் வறட்சியையும் நான் முடிச்சுப் போடவில்லை. கிணற்றுக்கு வேறு கதை சொல்கிறார்கள். ஆனால், கெடிலத்தில் அன்று தண்ணீர் ஓடியதா என்று கேட்க, இனி புராணத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.)

சேற்றின் வயதைக் கண்டுபிடிப்பதிலும் இந்தியர்களின் பங்கு பெரிது. காற்றிலிருந்து ஒருவகைக் கதிரியக்கக் காரீயம் மண்ணில் விழுந்துகொண்டே இருக்கிறது. சுமார் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். ஏரிச் சேற்றில் இதை அளந்து, எந்த அடுக்கு எந்த வருஷத்தது என்று சொல்லலாம் என 1971-ல் காட்டியவர்கள் கிருஷ்ணசாமியும் தேவேந்திர லாலும் இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகளும். கடந்த நூறு வருஷத்துச் சேற்றின் தேதியைச் சொல்ல, உலகம் முழுக்க இன்றும் இது ஒரு முக்கிய வழி.

இனி, இந்த வேலையைச் செய்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம். பி.எச்டி. முடித்துவிட்டு இதில் இறங்கும் ஆராய்ச்சியாளருக்கு 'போஸ்ட் டாக்' என்று பெயர். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். சேற்றுத் தூணை ஒவ்வொரு சென்டிமீட்டராக அறுக்க வேண்டும். காயவைத்து, பொடித்து, மில்லிகிராம் கணக்கில் நிறுத்து, கருவியில் போட வேண்டும். சந்தேகம் வந்தால் முதலிலிருந்து. 20 ஆயிரம் வருஷக் கணக்கைத் தணிக்கை செய்யும் இவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இரண்டு வருஷ ஒப்பந்தம், மிஞ்சினால் மூன்று. முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர், அடுத்த நாடு.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா?

2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. 2015-ல் வெள்ளம். 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது, திருவக்கரைக் கல்மரங்களுக்குப் பக்கத்து ஊரான மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை பெருக்கெடுத்து ஊர்களுக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் 'நூறு வருஷத்தில் காணாத மழை' என்கிறோம். நூறு வருஷக் கணக்குதானே கையில் இருக்கிறது! பாலத்தின் உயரமும், மதகின் அகலமும், ஏரிக்கரையின் பலமும் அந்தச் சின்ன பாஸ்புக்கை நம்பித்தான் தீர்மானமாகின்றன. ஐந்நூறு வருஷத்தில் எத்தனை முறை இப்படிக் கொட்டியது என்று பிச்சாவரத்துச் சேறும் கெடிலத்தின் வண்டலும் சொல்லக்கூடும். ஆள் வைத்துக் கேட்டால்தான் சொல்லும்.

அந்தப் பேரேடுகளும் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. நீலகிரிச் சதுப்புகளில் ஒரு பகுதி தேயிலைக்கும் சீகை மரத்துக்கும் அணைக்கும் போய்விட்டது. ஆறுகளில் மண் அள்ளுகிற பொக்லைனுக்கு எது 14-ம் நூற்றாண்டு அடுக்கு என்று தெரியாது.

1864-ல் 60 ஆயிரம் பேர் செத்தார்கள். 1866-ல் ஒரிசாவில் பஞ்சம். அதன்பிறகுதான் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு ஒரு வானிலைத் துறை தேவை என்று தோன்றியது. ப்ளான்ஃபோர்டுக்கு நிரந்தர நாற்காலி கிடைத்தது அப்படித்தான். இன்றைய ப்ளான்ஃபோர்டுகளுக்கு நாற்காலி போட நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்?